கரையில் எட்டுப் பேர்

புத்தூர்
10-3-1960

மருமகள் சுந்தரிக்கு கிருஷ்ணம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலமாகத்தான் இருப்பாய். உன் அம்மா குறை வைக்க மாட்டாள்.

என் மகனைக் கட்டிக்கொண்டு நீ இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உன்னை நான் ஒரு சொல் சொன்னதுண்டா? சொன்னதுண்டு. கை ஓங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிச்சாட்டூர் அணையில் ஓங்கிவிட்டேன். அதற்காக ஒருத்தி மாமியாரிடமும் சொல்லாமல், புருஷனிடமும் சொல்லாமல், எதிரே வந்த நாகலாபுரம் பஸ்ஸில் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விடுவாளா? புத்தூர் பஸ்ஸில் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், "இங்கா எவரைனா ராவாலா அம்மா?" என்று கண்டக்டர் கேட்கிறான். இன்னும் யாராவது வர வேண்டுமா என்று. என் நாத்தனார்கள் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். உன் அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். புத்தூரிலிருந்து யாராவது அந்தப் பக்கம் வந்தால் உன் அம்மாவைக் கொஞ்சம் படுத்துக்கொள்ளச் சொல்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர்.

கிருஷ்ணம்மா


நாகலாபுரம்
13-3-1960

அத்தைக்கு சுந்தரியின் வணக்கம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே புத்தூர் வளையல்காரர் வந்துவிட்டார். "காய்ச்சல் எப்படி கீது?" என்று கேட்டார். அப்போது அம்மா வைக்கோல் போரில் ஏறி நின்று வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "ஆருக்குக் காய்ச்சல்?" என்று மேலேயிருந்து கேட்டாள். இனி நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

அத்தை, நீங்கள் அடித்ததற்காக மட்டும் நான் பஸ் ஏறவில்லை. தை மாதத்தில் ஒருநாள் உங்கள் மகன் என்னிடம், "அணையில தண்ணி ரொம்பி கீதாம். ஒரு ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம்" என்றார். ரெண்டு பேரும் என்றார். நான் நன்றாகக் கேட்டேன். அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் பஸ் நிலையத்தில் பார்த்தால் ஒன்பது பேர். நீங்கள், பெரிய அத்தை, சின்ன அத்தை, அவர்கள் பிள்ளைகள் நாலு பேர், நாங்கள். புளிச்சோறு, வடை, முறுக்கு, தண்ணீர்க்குடம். போகும்போது அவர் முன் சீட்டில், நான் கடைசி சீட்டில் குடத்தோடு.

அங்கே போயும் என்ன கண்டேன்? சுற்றிலும் மலை, நடுவில் அத்தனை தண்ணீர். ஒரு சத்தமில்லை. மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கிறது. பார்க்க வேண்டும் என்று நிமிர்ந்தால், "சுந்தரி, வட எங்க?" சரி என்று குனிந்து நிமிர்ந்தால், "சுந்தரி, இந்தப் பையனுக்குக் கை கழுவி வுடு." எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பரிசல்காரர் பழனி, "ஒரு சுத்து போலாமா?" என்று கூப்பிட்டார். நான் உங்கள் மகனைப் பார்த்தேன். அவர் உங்களைப் பார்த்தார். "பொம்பளைக்குத் தண்ணி மேல இன்னா வேல?" என்றீர்கள். அவர் தரையைப் பார்த்தார். நான் ஏறிவிட்டேன்.

காற்று வந்து பரிசலை இழுத்துக்கொண்டு போனது உண்மை. ஆனால் நான் பயப்படவில்லை. பழனி நிதானமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கரையில் நீங்கள் எட்டுப் பேரும் கை ஆட்டுவது சின்னதாகத் தெரிந்தது. இந்த ஏழு மாதத்தில் யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். அதனால்தான் சிரித்துக்கொண்டே கரை ஏறினேன். அதற்குத்தான் அறை.

உங்கள் மகன் முழங்கால் வரை நனைந்து, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் நாள் முழுதும் எழுதுகிறவர் எனக்கு ஒரு வரி எழுதலாமே?

சுந்தரி


புத்தூர்
17-3-1960

சுந்தரிக்கு.

ஒன்பது பேர் என்று எண்ணிச் சொல்கிறாய். நாத்தனார்களை நான் கூப்பிடவில்லை. அடுத்த தெருவிலிருந்து வந்தவர்கள், நான் புளி கரைப்பதைப் பார்த்துவிட்டு அவர்களே கிளம்பினார்கள். கிளம்பினவர்களை வேண்டாம் என்று சொல்ல என் வாய்க்கு வருமா? உனக்கு வருமா? "ரெண்டு பேரும்" என்று அவன் சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் "அணைக்குப் போலாம்மா" என்றுதான் சொன்னான். அந்தப் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே பாதிப் பேச்சு வயிற்றுக்குள்.

நீ பயப்படவில்லையாம். நல்லது. பரிசலுக்குள் இருந்தவளுக்குப் பழனியின் முகம் தெரிந்தது. எங்களுக்கு என்ன தெரிந்தது? தண்ணீர் நடுவில் ஒரு தேங்காய்ச் சிரட்டை சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அது உன் புடவை. மலை மறைவில் திரும்பினதும் அதுவும் தெரியவில்லை. சின்ன நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டாள். உன் புருஷன் தண்ணீரில் குதித்தான். நான் என்ன செய்தேன் என்பதை எழுதமாட்டேன்.

அவன் நன்றாக இருக்கிறான். சாப்பிடுகிறான். ஏன் எழுதவில்லை என்று என்னைக் கேட்காதே.

செவலைப் பசு யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை. நேற்று பெரிய நாத்தனாரை உதைத்துச் செம்பைக் கவிழ்த்துவிட்டது. அது உன் கையைத் தேடுகிறது. நான் தேடவில்லை, பசுதான்.

கிருஷ்ணம்மா


நாகலாபுரம்
22-3-1960

அத்தைக்கு வணக்கம்.

மலை மறைவில் பரிசல் திரும்பினது கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவர் எழுதாததற்குக் காரணம் கேட்காதே என்கிறீர்கள். கேட்கக்கூடாத காரணம் என்றால் கோபம்தான். எனக்குத் தெரிகிறது. பெண்டாட்டி சொல் பேச்சுக் கேட்காமல் பரிசலில் ஏறினாள், நாலு பேர் பார்க்கும்படி ஆகிவிட்டது, அப்படித்தானே? என் நைனா நேற்று, "எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச பொண்ணு சும்மா ஊட்ல குந்திக்கினு இருப்பானேன்? டீச்சர் டிரெய்னிங் போவட்டும்" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனு எழுதி வாங்கி வைத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இங்கே ஊரெல்லாம் ஒரே பேச்சு. வருகிற ஒண்ணாந் தேதியிலிருந்து நாங்கள் சென்னை ராஜ்யம் இல்லையாம், ஆந்திராவாம். அணையும் சேர்ந்து போகிறதாம். டீக்கடையில் இரண்டு பேர் சண்டை, இரண்டு பேர் சமாதானம். தபால்காரர் மட்டும், "எந்த ராஜ்யமா இருந்தா இன்னா, நான்தான் நடக்கணும்" என்கிறார்.

இந்தக் கடிதத்துக்குப் பதிலாக அவர் கையால் ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் குறைந்துவிட்டது அத்தை. அவர் மேல்தான் குறையவில்லை.

சுந்தரி


புத்தூர்
25-3-1960

சுந்தரி,

கையெழுத்துப் போடாதே. இதைப் படித்து முடி, அப்புறம் உன் இஷ்டம்.

அவனுக்குக் கை இல்லை எழுதுவதற்கு. பயப்படாதே, கை இருக்கிறது, மணிக்கட்டு முறிந்திருக்கிறது. வலது கை.

குதித்தான் என்று எழுதினேன் அல்லவா? அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியாது. வாய்க்காலில்கூட இறங்க மாட்டான். கரையில் கல் பதித்திருக்கிறார்களே, அதில் பாசி. குதித்தவன் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை, வழுக்கிக் கல்லின் மேலேயே விழுந்தான், கால்கள் மட்டும்தான் நனைந்தன. கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நீ சிரித்துக்கொண்டு வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அதனால்தான். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும், அதனால் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது கை பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போனது. நல்ல வேளை, ஊர் ஊராக எலும்பு முறிந்தவர்கள் தேடி வருகிற புத்தூரிலேயே நமக்கு வீடு. அன்றைக்கே கட்டுப் போட்டுவிட்டோம். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்து, மூங்கில் சிம்பு கட்டி, கழுத்தில் தூளி போட்டுத் தொங்குகிறது.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். "கை ஒடிஞ்சி போச்சேன்னு பரிதாபப்பட்டுக்கினு அவ வர வேணாம்மா. அவளுக்கா வரணும்னு தோணினா வரட்டும்" என்றான். இன்று சத்தியத்தை மீறிவிட்டேன். என் தலைக்கு என்ன வந்தாலும் வரட்டும், இனி அதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

நான்தான் ஊட்டிவிடுகிறேன். இருபத்தாறு வயசுப் பிள்ளை ரசம் சாதத்துக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். உனக்கு எழுதுவதற்குச் சங்கத்தில் யாரையும் கேட்க வெட்கம், என்னைக் கேட்க அதைவிட வெட்கம்.

கிருஷ்ணம்மா


நாகலாபுரம்
29-3-1960

அத்தைக்கு வணக்கம்.

கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் அழுதேன். தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாதவர் எனக்காகக் குதித்தார் என்பதை இருபது நாள் மூடி வைத்தீர்களே, அம்மாவும் பிள்ளையுமாக! எனக்குத் தெரிந்திருந்தால் அன்றே திரும்பியிருப்பேன். ஆனால் அதுதான் வேண்டாம் என்றாராமே. அவர் சொன்னதும் சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. பரிதாபத்தில் வந்தவள் மறுபடியும் தண்ணீர்க்குடத்தோடு கடைசி சீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். அம்மா திங்கட்கிழமை நாராயணவனம் கோவிலுக்குப் போயிருந்தாள். அங்கே உங்கள் பெரிய நாத்தனாரைப் பார்த்திருக்கிறாள். நீங்கள் திருப்பதி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார்களாம். உண்மையா? உங்கள் முடி முழங்காலைத் தொடுமே. வெள்ளிக்கிழமைதோறும் உலர்த்த ஒரு மணி நேரம் ஆகுமே. எதற்காக அத்தை?

சுந்தரி


புத்தூர்
3-4-1960

சுந்தரிக்கு.

பெரிய நாத்தனார் வாயில் ஒரு எள் ஊறாது.

முடி என்னுடையது. மலை மேல் இருக்கிறவனுக்கும் எனக்கும் நடுவில் உள்ள விஷயம். இருந்தாலும் கேட்டுவிட்டாய். பரிசல் மலை மறைவில் போனபோது நான் மேற்கே பார்த்துக் கையெடுத்தேன். மலையப்பன் இருக்கிற திக்கு அதுதான் என்று நினைத்துக்கொண்டேன், இல்லை என்றால் அவன் திரும்பிப் பார்த்திருப்பான். "அந்தப் பொண்ணக் கரையில கொண்டாந்து வுடு, என் தலமுடி உனக்கு" என்றேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம் கொடுக்க?

கொண்டுவந்து விட்டுவிட்டான். நீ சிரித்துக்கொண்டு இறங்கினாய். உன்னைக் கட்டிப் பிடிக்கத்தான் கையை எடுத்தேன் என்று சொன்னால் நம்புவாயா? கன்னத்துக்குப் போய்விட்டது. வலித்திருக்கும். எனக்கும் அந்தக் கை இன்னும் ஆறவில்லை.

தலைக்கு இப்போது காற்று நன்றாகப் படுகிறது. வெயில் காலத்துக்குச் சௌகரியம். சீயக்காய் மிச்சம்.

வெள்ளிக்கிழமையோடு உன் ஊர் எங்கள் ஆந்திரா பக்கம் வந்துவிட்டது என்று சங்கத்தில் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னான். திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டதாம். ஏரி, அணை, மலை, நாகலாபுரம் எல்லாம் இந்தப் பக்கம் வந்தாகிவிட்டது. ஊரே வந்துவிட்டது, நீ மட்டும் ஏன் வரவில்லை?

கிருஷ்ணம்மா


நாகலாபுரம்
6-4-1960

அத்தைக்கு வணக்கம்.

நம்புகிறேன். கட்டிப் பிடிக்க எடுத்த கைதான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் உள்ளே போய், உங்களுக்கென்று ஒரு சேலைத் துண்டை எடுத்து ஓரம் அடிக்க ஆரம்பித்துவிட்டாள், வெயிலில் தலைக்குக் கட்டிக்கொள்ள.

ஊர் வந்துவிட்டது என்கிறீர்கள். ஊர் சும்மா வரவில்லை அத்தை. இரண்டு சர்க்காரும் எத்தனை வருஷம் உட்கார்ந்து பேசினார்கள்! கிராமம் கிராமமாக வந்து, இங்கே யார் என்ன பாஷை பேசுகிறார்கள், உங்களுக்கு எந்தப் பக்கம் சம்மதம் என்று விசாரித்தார்கள். எங்கள் புளியந்தோப்பைக்கூட வரைபடத்தில் பார்த்தார்கள். என்னை யார் கேட்டார்கள்? கல்யாணமானதிலிருந்து நான் எங்கே உட்கார வேண்டும், என்ன பார்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் அங்கே வரத்தான் போகிறேன். ஆனால் கேட்டு வர வேண்டும்.

வருஷப் பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் அணைக்கு வருகிறேன். அவரும் அங்கே வரட்டும். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று முடிவு செய்கிறேன். அம்மாவும் கூட வருவாள். நீங்களும் வாருங்கள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம் இருக்கிறதே, அதன் நிழலில் சம்பந்திகள் இரண்டு பேரும் உட்காருங்கள். எங்கள் பக்கம் திரும்பக்கூடாது.

நாத்தனார்கள் கிளம்பினால் அது உங்கள் பொறுப்பு.

சுந்தரி


புத்தூர்
10-4-1960

சுந்தரிக்கு.

நாத்தனார்களிடம் அன்றைக்குக் காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் போய் உடைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையார் பேரைச் சொன்னால் தட்ட மாட்டார்கள். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை அவனிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றான். திரும்பி வந்து பேனாவை எடுத்துக்கொண்டு, இடது கையால் எழுத உட்கார்ந்தான். நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன், "வேணாம்மா, நீ அந்தாண்ட போ" என்றான். என் வீட்டில் என்னை அந்தாண்ட போ என்று அவன் சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகப் போனேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவதில் இப்படிக் கிறுக்கியிருக்கிறான். இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குப் புரியாவிட்டால் என்று நானும் எழுதுகிறேன்:

"நா வரேன். நீ ஊட்டுக்கு வரியா? எங்க குந்தலாம்னு நீ சொல்லு."

கிருஷ்ணம்மா


புத்தூர்
20-4-1960

அத்தைக்கு வணக்கம்.

இதென்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்தூர் பஸ்ஸில் நாங்கள் ஏறி உங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் அம்மாவோடு கைகோத்துக்கொண்டு நாகலாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். ஜன்னல் வழியாக, "சம்பந்தி ஊட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்று புதன்கிழமை.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. செவலை என்னை நக்கி நக்கி முழங்கையே சிவந்துவிட்டது. அவருக்கு நான் ஊட்டுகிறேன் என்றால் வெட்கப்பட்டுக் கரண்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு பாதியைக் கீழே போடுகிறார். வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள்.

அன்றைக்கு என்ன பேசினோம் என்று அம்மா உங்களைத் துளைத்தெடுப்பாள். உங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும், கேட்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கரையின் கோடிக்குப் போய் உட்கார்ந்தோம். தலைகீழ் மலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. சங்கத்துக் கதை, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வாத்தியாரிடம் அடி வாங்கின கதை, பெண் பார்க்க வந்த அன்று என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போன கதை. நான் டிரெய்னிங் போக ஆசைப்படுகிறேனா என்று கேட்டார். ஆசைதான் என்றேன். திருப்பதியில் விசாரிக்கிறேன், வீட்டிலிருந்தே ரயிலில் போய் வரலாமா பார்ப்போம் என்றார். உங்களிடம் அவரே கேட்கப் போகிறார், அதுவரை தெரியாத மாதிரி இருங்கள்.

தெருவில் எல்லோரும் உங்களைக் கேட்கிறார்கள். எப்போது வருகிறீர்கள்?

சுந்தரி


நாகலாபுரம்
23-4-1960

சுந்தரிக்கு கிருஷ்ணம்மா எழுதுவது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மாவும் நானும் காலையில் ஏரிக்கரை வரை நடக்கிறோம். அவளுக்கு வடகம் பிழிய வரவில்லை, கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி வாசலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு உங்கள் இரண்டு பேரைப் பற்றியும் பேசுகிறோம். நல்லதாகத்தான். உன் நைனா எங்கள் சிரிப்புச் சத்தம் தாங்காமல் களத்துமேட்டில் போய்த் தூங்குகிறார்.

டிரெய்னிங் விஷயம் எனக்குத் தெரியாது. அவன் கேட்கும்போது கொஞ்சம் யோசிக்கிற மாதிரி யோசித்துவிட்டுச் சரி என்பேன்.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். சொல்லிவிடுகிறேன், அவனிடம் படித்துக் காட்டாதே. எனக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். வீட்டில் மாமியார், இரண்டு நாத்தனார், கொழுந்தன், பண்ணையாட்கள். உன் மாமனாரோடு பதிமூன்று வருஷம் வாழ்ந்தேன், அந்த வீட்டில் நானும் அவரும் மட்டுமாக ஒரு நாள் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை, கழனியிலிருந்து வரும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. ஒரு கோணிச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் என் பக்கம் திரும்பி, "இன்னா மழ" என்றார். அதற்குள் கொழுந்தன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தாரோ, எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதனால்தான் அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறினேன். நீங்கள் பேசுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறேன். திடுதிப்பென்று நுழைய மாட்டேன். தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவேன்.

கிருஷ்ணம்மா